கைநழுவிக்கு வந்த கடிதம்

புதன்கிழமைகளில் சின்னவள் வேலைக்குக் கொஞ்சம் சீக்கிரமாகவே போய்விடுவாள். பத்திரிகை ஆபீசிலிருந்து வாசகர் கடிதங்களை ஒரு பழுப்பு உறையில் போட்டு அனுப்புவது அன்றைக்குத்தான்.

பேருந்து நிலையத்தின் விசாரணைக் கவுன்டரில், கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, எந்தப் பேருந்து எத்தனை மணிக்கு, எந்த நடைமேடை என்று சொல்வது அவள் பிழைப்பு. மடியில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவரையெல்லாம் குறித்து வைப்பது அவள் பைத்தியம். அந்தப் பைத்தியம் பத்து வருஷம் கழித்து இந்த வருஷம்தான் பலித்தது. வாரப் பத்திரிகையில் அவள் தொடர்கதை பதினோரு வாரமாக ஓடுகிறது.

கதையின் நாயகி பீங்கான் கடையில் வேலை பார்ப்பவள். எதைத் தொட்டாலும் கீழே போடுவாள். போட்டு உடைத்துவிட்டு, "கையில வெண்ணெய் தடவிட்டே பொறந்தேன் போல!" என்று சிரிப்பாள். கதையில் எல்லோரும் அவளைக் 'கைநழுவி' என்று கூப்பிடுகிறார்கள். இப்போது வாசகர்களும் அப்படித்தான்.

போன வாரம் சின்னவளின் பேட்டிகூட வந்தது. பாத்திரங்களை எப்படி உருவாக்குகிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள். மனுஷி கொஞ்சம் மிதப்பாகவே பதில் சொல்லியிருந்தாள்.

"பக்கத்தில் இருப்பவர்களைப் பாருங்கள். முகம் பொய் சொல்லும், அதனால் கையைப் பாருங்கள். ஆனால் எதையும் கேட்காதீர்கள். கேட்டுவிட்டால் நடிக்க ஆரம்பித்துவிடுவார்கள்."

அந்த வரியைப் பெரிய எழுத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். அதை வெட்டி கவுன்டர் கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தாள்.

இந்தப் புதன்கிழமை உறையில் ஏழு கடிதங்கள் இருந்தன. ஆறு கடிதங்கள் கைநழுவியைக் கொஞ்சின. ஏழாவது, கோடு போட்ட தாளில் நெருக்கி எழுதியது.

'அன்புள்ள எழுத்தாளருக்கு, நான் பிசியோதெரபிஸ்ட். என் நோயாளிகள் உங்கள் கதையைப் படித்துவிட்டுச் சிரிக்கிறார்கள். நானும் முதலில் சிரித்தேன். நான்காம் அத்தியாயத்தில் அவள் ஒரே பகலில் மூன்று கரண்டிகளைக் கீழே போடுகிறாள். ஏழாம் அத்தியாயத்தில் இடது செருப்பு கழன்றது தெரியாமலே பத்தடி நடந்து போகிறாள். ஒன்பதாம் அத்தியாயத்தில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதை வற்றிக் குழி விழுந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. இவற்றை யாரும் கற்பனையில் இப்படி வரிசையாக எழுத முடியாது. நீங்கள் யாரையோ பார்த்து எழுதுகிறீர்கள். கழுத்து எலும்பு தண்டுவட நரம்பை நசுக்கும்போது இப்படித்தான் ஆகும். போன பலம் முழுதாகத் திரும்பாது. மீதியையாவது காப்பாற்றலாம். அவர் யாரானாலும் இன்றே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அடுத்த அத்தியாயம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.'

சின்னவள் அந்தக் கடைசி வரியை மறுபடி படித்தாள். காது இரண்டும் சுட்டன.

இல்லை, கைநழுவி யாருமில்லை என்று தனக்குத்தானே வாதாடினாள். அந்தச் சிரிப்பு ஒரு பெண் கண்டக்டருடையது. படியிறங்கும்போது எண்ணிக்கொண்டே இறங்குவது, தினமும் எட்டரை வண்டிக்கு வரும் வங்கிக்காரருடையது. பொய் சொல்லும்போது கழுத்தைச் சொறிவது டீக்கடைக்காரருடையது. ஒட்டுப் போட்டுத் தைத்த ஆள்தானே கைநழுவி?

கை மட்டும் அக்காவுடையது. அந்தச் செருப்பும்.

"ஏம்மா, மூணு தடவ கேட்டுட்டேன்! மலைப்பக்கம் போற வண்டி எங்க நிக்கும்?"

கண்ணாடிக்கு வெளியே ஒருவர் பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நாலாவது நடைமேடைங்க" என்றாள். அவர் ஓடினார். பிறகுதான் அது ஆறாவது என்று உறைத்தது. மைக்கில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுத் திருப்பி அனுப்பினாள். பக்கத்து சீட்டுக்காரரிடம் கவுன்டரை ஒப்படைத்தாள். கண்ணாடியில் ஒட்டியிருந்த பேட்டித் துண்டைப் பிய்த்துக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

அக்காவின் பார்லர் இரண்டு தெரு தள்ளி. இரண்டு நாற்காலி, ஒரு பெரிய கண்ணாடி. பதினெட்டு வருஷமாக அக்கா அங்கே நின்றபடியே, தலையைக் குனிந்தபடியே முடி வெட்டுகிறாள். கத்தரிக்கோல் பிடித்தால் ஒரு பக்கம் கூடக் குறைய இருக்காது என்று பேர்.

சின்னவள் உள்ளே நுழைந்தபோது ஒரு நாற்காலியில் ஒரு டீச்சரம்மா பாதி முடி வெட்டிய தலையோடு இருந்தார். இன்னொன்றில் காத்திருந்த பெண்ணின் கையில் அந்த வாரப் பத்திரிகை.

"என்னடி இந்த நேரத்துல? டூட்டி இல்லயா?" என்றாள் அக்கா, கண்ணாடி வழியாகப் பார்த்து.

"சும்மாதான். உன் கை எப்படி இருக்கு?"

அக்காவின் கத்தரிக்கோல் ஒரு நொடி நின்று மறுபடி ஓடியது. "கைக்கென்ன? கையாட்டம் இருக்கு."

"ஐயோ, நீங்கதானா அது?" என்று பத்திரிகைப் பெண் எழுந்தே விட்டாள். "போட்டோவுல பாத்தேன்! எங்க வீட்ல எல்லாரும் கைநழுவி கட்சி. என் மாமியாரு ஒரு கிளாஸைப் போட்டா போதும், 'வெண்ணெய் வெண்ணெய்'னு பசங்க கத்துதுங்க. எங்கேருந்துங்க புடிச்சீங்க அவள?"

சின்னவள் நோட்டு இருந்த பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"சொல்லு, கேக்கறாங்கல்ல" என்றாள் அக்கா. குரலில் ஒன்றுமே இல்லை.

"அது... அங்க இங்க பாக்கறதுதான்."

அக்கா இடது கையால் சீப்பை எடுத்தாள். டீச்சரம்மாவின் காதோரம் கொண்டுபோனாள். சீப்பு விரலை விட்டுச் சறுக்கி, நாற்காலிக் கையில் பட்டு, தரையில் முடிக் குவியலில் விழுந்தது.

"பாத்தீங்களா, கைநழுவியேதான்!" என்று பத்திரிகைப் பெண் கைதட்டிச் சிரித்தாள். டீச்சரம்மாவும் சிரித்தார். ஒரு பாவமும் அறியாத சிரிப்பு. எழுதிக் கொடுத்தவள் பக்கத்தில் நிற்கிறாள், படித்தவர்கள் சிரிக்கிறார்கள்.

அக்காவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சின்னவளால் முடியவில்லை. குனிந்து சீப்பைத் தேடி எடுக்கும் சாக்கில் தரையிலேயே கொஞ்ச நேரம் இருந்துவிட்டாள். நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது.

"அக்கா, ஏப்ரனைக் கழட்டு. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"பாதித் தலையோட இவங்களை விட்டுட்டா? பைத்தியமாடி உனக்கு?"

சின்னவள் கடிதத்தை நீட்டினாள். பக்கம் பக்கமாக எழுதுகிறவளுக்கு அக்காவிடம் சொல்ல ஒரு வாக்கியம் அகப்படவில்லை.

அக்கா நின்றபடியே படித்தாள். படித்து முடித்ததும் மடித்து ஏப்ரன் பையில் வைத்தாள். வலது கையாலேயே டீச்சரம்மாவின் மீதித் தலையை அவசரமில்லாமல் வெட்டி முடித்தாள். சீப்பைச் சின்னவள் பிடித்துக்கொண்டாள். பிறகு அக்கா ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டி, "உங்க அத்தானுக்குப் போன் பண்ணு" என்றாள்.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். கிரீஸ் படிந்த சட்டையோடு ஆஸ்பத்திரி வாசலுக்கு நேரே வந்துவிட்டார். அளந்து பேசுகிற மனுஷர். "என்ன?" என்று மட்டும் கேட்டார். "கை" என்றாள் அக்கா. அவ்வளவுதான்.

நரம்பு டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண். அக்காவின் இரண்டு கைகளையும் நீட்டச் சொன்னார்.

"விரலை மடக்கி மடக்கி விரிங்க. எவ்வளவு வேகமா முடியுமோ அவ்வளவு வேகமா."

பத்து விநாடிக்கு வலது கை இருபத்திரண்டு தடவை விரிந்தது. இடது கை ஒன்பது. ஒன்பதாவது தடவை சுண்டுவிரல் விரியவேயில்லை. அத்தான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டியபோது கால் அளவுக்கு மீறித் துள்ளி டாக்டரின் மேஜையை உதைத்தது.

"எத்தனை நாளா இருக்கு?"

"ஒரு மாசம் இருக்கும் டாக்டர். மிஞ்சிப்போனா ஒன்றரை" என்றாள் அக்கா.

"சரியாச் சொல்லுங்க. எவ்வளவு நாள்ங்கறத வச்சுத்தான் ஆபரேஷன் அவசரமா, பொறுக்கலாமான்னு முடிவு பண்ணணும்."

"அவ்வளவுதான் டாக்டர்."

சின்னவளின் பையில் நோட்டு இருந்தது. அதை எடுக்காமலும் இருக்கலாம். ஒரு மாசம் என்றே டாக்டர் எழுதிக்கொள்வார். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அந்த எண்ணம் வந்ததே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. வந்தது வந்ததுதான்.

"ஏழு மாசம் டாக்டர்" என்றாள்.

மூன்று பேரும் திரும்பினார்கள்.

நோட்டைத் திறந்தாள். எழுத்துகள் அலைந்தன. "மார்ச் ஆறு. டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறாள். யாரும் கேட்காமலே சூடு என்கிறாள். டம்ளரில் தண்ணீர். மார்ச் இருபத்தொன்று. சட்டைப் பொத்தான் போட இரண்டு நிமிஷம். திரும்பி நின்று போடுகிறாள்..."

"படிங்க" என்றார் டாக்டர், எழுதிக்கொண்டே.

"ஏப்ரல் பதினாலு. இடது செருப்பு கழன்று விழுந்தது. தெரியவில்லை. பத்தடி போய்த்தான் திரும்பிப் பார்க்கிறாள். மே மூணு. தூங்கி எழுந்ததும் கையை உதறுகிறாள், ஈரக்கையை உதறுவது போல. ஜூன்..." அடுத்த வரி 'நல்ல விவரம், பயன்படுத்தலாம்' என்று இருந்தது. அதை விழுங்கிவிட்டு மேலே படித்தாள். நிறுத்தாமல் செப்டம்பர் வரைக்கும் படித்தாள்.

டாக்டர் பேனாவை வைத்தார். "கேஸ் ஷீட்டுல நாங்ககூட இப்படி எழுதறதில்ல. யாரு எழுதினது? நர்ஸா நீங்க?"

"இல்ல டாக்டர். தங்கச்சி."

"ரொம்ப அக்கறையான தங்கச்சி" என்றார் டாக்டர் அக்காவைப் பார்த்து.

கன்னத்தில் அறைந்திருந்தால்கூடச் சின்னவள் தாங்கியிருப்பாள்.

அன்று மதியமே ஸ்கேன் எடுத்துவிட்டு ஆபரேஷனைப் பற்றிப் பேசலாம் என்றார் டாக்டர். அக்காவை உடை மாற்ற அழைத்துப் போனார்கள். வராந்தாவில் சின்னவளும் அத்தானும் தனியாக நின்றார்கள்.

அத்தான் சுவரைப் பார்த்தபடி பேசினார். "ஒரே வீட்ல இருக்கேன். ஒரே தட்டுல கூடச் சாப்பிட்டிருக்கோம். நான் பாக்கல. அது என் தப்பு, ஒத்துக்கறேன்."

"அத்தான்..."

"நான் பாக்காதது தப்புன்னா, பாத்துட்டுச் சும்மா இருந்ததுக்கு என்ன பேரும்மா? நீ எழுதறவ. நீயே சொல்லு."

ஸ்கேனுக்கு ஒப்புதல் படிவம் எழுத வேண்டும் என்று யாரோ கூப்பிட, அவர் போய்விட்டார். ஒரு வசவு வைதிருக்கலாம். வையாமல் போனதுதான் அவளைக் கூனிக் குறுக வைத்தது.

அக்கா வெளிர் பச்சை கவுனில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஸ்கேன் அறை வாசலில் இன்னும் ஒருவர் முறை இருந்தது.

"மன்னிச்சுரு அக்கா" என்றாள் சின்னவள் தரையைப் பார்த்து. "அது நீதான்னு நீ இன்னைக்குத் தெரிஞ்சுக்கிட்டது..."

"இன்னைக்கா?" அக்கா மெல்லச் சிரித்தாள். "மொத வாரமே தெரியும்டி. வெண்ணெய் தடவிட்டே பொறந்தேன் போலன்னு உன் சமையல்கட்டுல சொன்னது யாரு? நான்தானே?"

சின்னவள் நிமிர்ந்தாள். "தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் சொல்லல?"

"மொதல்ல கோவம்தான் வந்துச்சு. உன் வீட்டுப் பக்கமே வரக்கூடாதுன்னு இருந்தேன், ஞாபகம் இருக்கா, ரெண்டு வாரம் வரல. அப்புறம் ஒரு நப்பாசை." அக்கா இடது கையை மடியில் வைத்து வலது கையால் அதன் விரல்களை ஒவ்வொன்றாக நீவினாள். "எனக்குப் பயம். கத்தரிக்கோல் போச்சுன்னா நான் யாரு? வீட்ல சொன்னா நிஜமாயிடும்னு பயம். சரி, இவளுக்குத் தெரிஞ்சிருக்கு, பாத்துட்டுத்தான் இருக்கா, எப்படியும் ஒருநாள் வந்து கேப்பா, அன்னைக்கு அழுதுட்டுச் சொல்லிடலாம்னு இருந்தேன்."

"அக்கா, போதும்."

"நீ கேக்கல. சரி, கதையிலயாவது கேப்பேன்னு பாத்தேன். யாராவது ஒருத்தர் அவ கையைப் புடிச்சு, 'என்னம்மா ஆச்சு உனக்கு?'ன்னு கேக்கற மாதிரி ஒரு வாரம் வரும்னு. பார்லருக்கு வர்ற புத்தகத்த நான்தான் மொதல்ல பிரிப்பேன். கஸ்டமர் வர்றதுக்கு முன்னாடி. பதினோரு வாரம்டி. யாரும் கேக்கல. எல்லாரும் சிரிச்சாங்க."

சின்னவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுகை வரவில்லை. அழுவதற்குக்கூட ஒரு யோக்கியதை வேண்டும் என்று தோன்றியது.

"சரி, சொல்லு" என்றாள் அக்கா. "அவளை என்ன பண்ணப் போறே?"

"இன்னும் யோசிக்கல."

"பொய் சொல்லாத. கடைசி தெரியாம நீ ஆரம்பிக்க மாட்டே. அந்த நோட்டைக் குடு."

"அக்கா, வேணாம்."

"குடுன்னேன்."

கொடுத்தாள். அக்கா மடியில் வைத்துத் திறந்தாள். இடது கை தாளைப் பற்றப் பார்த்தது, முடியவில்லை. பக்கம் விரலுக்கு அகப்படாமல் வழுக்கியது. இரண்டு தடவை முயன்றுவிட்டு, "நீ திருப்பு" என்றாள்.

சின்னவள் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். அக்கா படித்தாள். கண்டக்டர், வங்கிக்காரர், டீக்கடைக்காரர் எல்லோரும் போனார்கள். அத்தியாயத் திட்டம் வந்தது. பன்னிரண்டு. பதின்மூன்று. பதினான்கு.

அடுத்த பக்கத்தில் என்ன இருக்கிறதென்று சின்னவளுக்குத் தெரியும். இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்பிவிட்டால் போதும். பத்து வருஷமாகக் கால அட்டவணை புரட்டிய விரல்கள். அக்காவுக்குத் தெரியவே தெரியாது.

ஒரே ஒரு தாளைத் திருப்பினாள்.

'பதினைந்து: மாடிப்படி. கையில் தட்டு அடுக்கு. நழுவுகிறது. பிடிக்கப் போகிறாள். விழுகிறாள். சாகிறாள். சிரித்துக்கொண்டிருந்த வாசகர்கள் தாங்க மாட்டார்கள்.'

அதற்குக் கீழே, வேறு மையில்: 'அக்கா படியிறங்கும்போது கைப்பிடியை எப்படிப் பிடிக்கிறாள் என்று ஒருமுறை கிட்ட நின்று பார்க்க வேண்டும்.'

அக்கா படித்தாள். மறுபடி படித்தாள் போலிருக்கிறது, ரொம்ப நேரம் ஆயிற்று. பக்கத்து அறையில் ஒரு தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டே போனது.

"பேனா இருக்கா?" என்றாள்.

சின்னவள் கொடுத்தாள். அக்கா நோட்டைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டு அந்தப் பக்கத்தின் அடியில் என்னவோ எழுதினாள். இரண்டு வரி இருக்கும். மூடினாள்.

"அடுத்தது நீங்க. நகையெல்லாம் கழட்டிடுங்க" என்றாள் நர்ஸ்.

அத்தான் படிவத்தோடு ஓடி வந்தார். அக்கா தோட்டைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தாள். இடது கை மோதிரம் இழுக்காமலே கழன்று வந்தது. அத்தான் அந்த மோதிரத்தையும் அக்காவின் விரலையும் மாறி மாறிப் பார்த்தார்.

அக்கா நோட்டைச் சின்னவளிடம் நீட்டினாள். "நான் உள்ள போனப்புறம் பாரு."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே இயந்திரம் டமடமவென்று ஓட ஆரம்பித்தது. நாளைக் காலை பன்னிரண்டாம் அத்தியாயம் பத்திரிகை ஆபீசில் இருந்தாக வேண்டும். சின்னவள் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன எழுதியிருக்கா?" என்றார் அத்தான்.

"தெரியல அத்தான். இன்னும் பாக்கல. பாக்கப் பயமா இருக்கு."

அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். தோடும் மோதிரமும் மூடிய கையை முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"படி. சத்தமாப் படி. நம்ம வீட்ல இனிமே யாரும் எதையும் மனசுக்குள்ளயே படிச்சுக்க வேணாம்."

சின்னவள் நோட்டைத் திறந்து சத்தமாகப் படித்தாள்: "அவ சாக வேணாம்டி. யாராவது ஒருத்தர் அவ கையைப் புடிச்சுக் கேக்கட்டும்."